பார வண்டியும் பந்தய வண்டியும்: மார்ட்டின்ஸ்வில் ட்ரக் ஓட்டத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டு ஓய்வுக்குரியது, உழைப்பு வாழ்வுக்குரியது என இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கும் வழக்கம் எம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. வரலாறு பயிலும் மாணவரும் இதற்கு விலக்கல்லர். நிலவுடைமை பற்றியும் வரி பற்றியும் வணிகக் கணங்கள் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதும் நாம், வண்டியோட்டப் போட்டிகளைச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்துக்கு விட்டுவிடுகின்றோம். சற்று நின்று நோக்கின், மனிதன் எதை ஓட்டிப் பிழைத்தானோ அதையே போட்டிக்கும் ஓட்டினான் என்ற உண்மை பல நாடுகளின் வரலாற்றிலும் புலப்படும். பாரம் சுமந்த வண்டியே பந்தய வண்டியாயிற்று. அவ்வாறு ஆகும்போது அவ்வண்டி எதை இழந்தது, அதனை ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட களம் வெகு தொலைவிலுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மார்ட்டின்ஸ்வில் என்றொரு சிறு நகர் உண்டு. அதன் நீள்வட்ட ஓடுபாதையில் 2010ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நடைபெற்ற ட்ரக் ஓட்டத்திலே கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் என்னும் சாரதி கலந்துகொண்டார். அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு நடத்தும் தேசிய மட்டப் போட்டி ஒன்றில் இந்தியர் ஒருவர் வண்டியோட்டியது அதுவே முதல் தடவை. அங்கு செல்லுமுன் எமது ஊரைப் பற்றிச் சில கூற வேண்டியுள்ளது. இவ்வினா எனக்கு எழுந்தது அங்கேதான்.

வட்டக்கச்சி இரணைமடுக் குளத்து நீரை நம்பி எழுந்த குடியேற்றக் கிராமம். காடு வெட்டி, வயல் திருத்தி, வாய்க்கால் வழி வந்த நீரைப் பாய்ச்சி வாழ்ந்த முதல் தலைமுறையினருக்கு மாடே எல்லாமாக இருந்தது. உழுவதும் அதுவே, சூடு மிதிப்பதும் அதுவே, நெல்மூட்டையை ஏற்றிச் செல்வதும் அதுவே. சூடு மிதிக்கும் களத்தை நேரிற் கண்டவர்கள் ஒன்றை அறிவர். பிணைத்த மாடுகள் வட்டமாகச் சுற்றும்போது நடுவில் நிற்கும் மாடு மெல்லக் காலெடுத்து வைக்க, கரையில் நிற்கும் மாடு அதே சுற்றுக்குக் கூடிய தூரம் நடந்தாக வேண்டும். ஆதலின் எந்த மாட்டை எவ்விடத்திற் பிணைப்பது என்பதை அனுபவமுள்ள கமக்காரனே தீர்மானிப்பான். இந்தச் சிறு செய்தியை வாசகர் மனத்திலிருத்துதல் நன்று. பின்னர் மார்ட்டின்ஸ்விலில் இதனை மீண்டும் சந்திப்போம்.

அறுவடை முடிந்த ஓய்விலே அதே மாடுகள் சவாரி வண்டியிற் பூட்டப்படுகின்றன. மாட்டுவண்டிச் சவாரி யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் நெடுங்காலமாக நிலவி வருவது. மாடுகளைத் தரம் பிரித்து, சோடி சோடியாக நேர்பாதையில் ஓடவிடுவர். சவாரி வண்டி பார வண்டியின் உருவத்தைக் கொண்டதாயினும் அதனிலும் மிக இலேசானது. அதில் ஒரு மூட்டை நெல்லை ஏற்றினாலும் அச்சு தாங்குமோ என்று ஐயுற வேண்டும். அதாவது, வேலை செய்யும் வண்டியின் தோற்றம் மட்டும் அங்கே எஞ்சியுள்ளது, வேலை அகற்றப்பட்டுவிட்டது. இதனை நான் சிறுவயதிற் கண்டபோது வியப்பு எதுவும் தோன்றவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்து அமெரிக்க வண்டியோட்ட வரலாற்றைப் படிக்கும்போதுதான், ஏறத்தாழ இதே மாற்றம் அங்கும் நிகழ்ந்துள்ளதைக் கண்டு வியந்தேன்.

சவாரி நேர்பாதையில் ஓட, அமெரிக்க ஓட்டம் ஏன் நீள்வட்டமாயிற்று? இதற்கான விடை குதிரையிலும் வேலியிலும் உள்ளது. அந்நாட்டின் மாவட்டக் கண்காட்சித் திடல்களில் குதிரைப் பந்தயத்துக்கென மண்ணாலான நீள்வட்டப் பாதைகள் முன்னரே இருந்தன. 1896ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் மோட்டார் வண்டிகள் முதன்முதலாக அத்தகைய பாதையொன்றில் ஓடவிடப்பட்டன. ஐரோப்பாவில் மோட்டார் ஓட்டங்கள் ஊருக்கு ஊர் பொதுத்தெருக்களிலே நடைபெற்ற காலம் அது. தெருவில் நடக்கும் ஓட்டத்தைப் பார்ப்பவன் ஒரு வண்டியை ஒரு கணம் மட்டுமே காண்பான்; அவனிடம் கட்டணம் அறவிடவும் இயலாது. நீள்வட்டத்தைச் சுற்றி வேலியடைத்து இருக்கை அமைத்துவிட்டால் ஒருவன் ஓரிடத்திலிருந்தே முழு ஓட்டத்தையும் காணலாம். வாயிலிற் பணமும் பெறலாம். ஆகவே நீள்வட்டம் என்பது வெறும் வடிவகணிதமன்று, அது ஒரு வணிக ஏற்பாடு. 1909இல் திறக்கப்பட்ட இண்டியானாபொலிஸ் ஓடுபாதை இவ்வேற்பாட்டின் பெருவடிவம் எனலாம். எமது சவாரித் திடலில் வெளியின் இருமருங்கும் சனங்கள் நெருங்கி நின்று பார்ப்பதை நோக்கும்போது இவ்வேறுபாடு நன்கு விளங்கும்.

நாஸ்கார் என்ற அமைப்பின் பிறப்பை நோக்கினால் உழைப்பு வண்டிக்கும் பந்தய வண்டிக்குமுள்ள உறவு இன்னும் தெளிவாகும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில், குறிப்பாக அப்பலாச்சிய மலையடிவாரங்களில், வறிய கமக்காரர் சோளத்திலிருந்து வரி கட்டாத சாராயம் காய்ச்சி விற்றனர். அதனை இரவோடிரவாக நகரங்களுக்குக் கொண்டு செல்லச் சாதாரண ஃபோர்ட் கார்களையே பயன்படுத்தினர். வெளிப்பார்வைக்குச் சாதாரணமாய்த் தோன்ற வேண்டும். உள்ளே இயந்திரம் வலுவுள்ளதாய் இருக்க வேண்டும். சாராயப் பாரத்தால் பின்புறம் தாழ்ந்து பொலிஸாரின் கண்ணிற் படாதபடி வில்லுகள் உறுதியாக்கப்பட வேண்டும். இவ்வாறு மலைத்தெருக்களில் இரவில் ஓடிப் பழகிய இளைஞர் சிலர், ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்வெளிகளில் யாருடைய வண்டி வேகமானது என ஓடிப் பார்த்தனர். சாராயம் கடத்தியமை சட்டத்தின் கண்ணிற் குற்றமே. ஆயினும் வறுமையின் காரணமாக எழுந்த ஓர் உழைப்பு முறையென்றே வரலாற்று மாணவன் அதனை நோக்க வேண்டும்.

1947ஆம் ஆண்டு டிசெம்பரில் புளோரிடா மாநிலத்து டெய்ட்டோனா பீச் நகரின் ஹொட்டேல் ஒன்றில் பில் பிரான்ஸ் என்பவர் கூட்டிய கூட்டத்தின் விளைவாக 1948இல் நாஸ்கார் அமைப்பு உருவாயிற்று. 1949ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் திகதி வட கரோலைனாவின் சார்லட் நகருக்கு அண்மையிலிருந்த மண்பாதையில் அதன் முதலாவது ‘ஸ்டொக்’ ஓட்டம் நடைபெற்றது. ஸ்டொக் என்பதன் பொருள், கடையில் விற்கப்படும் நிலையில் எவ்வித மாற்றமுமின்றி இருக்கும் வண்டி என்பதாகும். தனக்கென விசேட பந்தய வண்டி கட்டுவிக்கும் செல்வனுக்குரியதன்று இவ்வோட்டம். தெருவில் ஓடும் காரை வைத்திருக்கும் எவனுக்கும் உரியது என்பதே அதன் கவர்ச்சி.

அன்று முதலாவதாக வந்தவர் கிளென் டனவே. ஆனால் ஓட்டம் முடிந்தபின் வண்டியைச் சோதித்தவர்கள் அதன் பின்வில்லுகள் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டு வெற்றியைப் பறித்தனர். அவ்வண்டி சாராயம் ஏற்றிய வண்டி. பாரம் தாங்கவே வில்லு மாற்றப்பட்டிருந்தது. வெற்றி, லிங்கன் கார் ஓட்டிய ஜிம் ரோப்பருக்கு வழங்கப்பட்டது. வண்டியின் உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு அமைப்புக்கே சாதகமாயிற்று. இச்சம்பவத்தை நாஸ்கார் வரலாற்றாசிரியர்கள் ஒழுங்குமுறையின் தொடக்கமாகக் காட்டுவர். என் பார்வையில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. உழைத்த வண்டியின் உடலில் உழைப்பு பதித்த தழும்பே அங்கே குற்றமாகக் கொள்ளப்பட்டது. உழைப்பிலிருந்து பிறந்த விளையாட்டு, தன் முதலாவது ஓட்டத்திலேயே அவ்வுழைப்பின் அடையாளத்தை வெளியேற்றியது என்றும் கூறலாம். விதி விதிதான், எல்லோரும் ஒரே நிலையில் ஓட வேண்டுமென்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதன்பின் நடந்தது என்ன? ஆண்டுகள் செல்லச் செல்ல, ‘ஸ்டொக்’ என்ற பெயரை வைத்துக்கொண்டே வண்டிகள் முற்றாக வேறாகிவிட்டன. டனவேயின் இரண்டு வில்லுகளைப் பொறுக்காத விளையாட்டு, பின்னாளில் முழு வண்டியையும் தொழிற்சாலைக்கு வெளியே புதிதாகக் கட்டுவதை ஏற்றுக்கொண்டது.

ட்ரக் ஓட்டம் இவ்வரலாற்றில் மிகப் பிந்திய கிளை. எம்மவர் ‘பிக்கப்’ என வழங்கும், பின்னே திறந்த பெட்டியுடைய வண்டியைத்தான் அமெரிக்கர் பெரும்பாலும் ட்ரக் என்பர். கமக்காரன், தச்சன், மேசன், குழாய் பொருத்துபவன் யாவரும் தத்தம் தொழிற்கருவிகளோடு திரிவது அதிலேதான். ஃபோர்ட் நிறுவனத்தின் எஃப் வரிசைப் பிக்கப் 1980களின் தொடக்கத்திலிருந்து பல தசாப்தங்களாக அந்நாட்டில் அதிகம் விற்பனையாகிய வண்டியாக விளங்கி வந்துள்ளது. இத்தகைய வண்டிக்கென ஓர் ஓட்டத்தொடர் வேண்டுமென 1990களின் முற்பகுதியிலே கலிபோர்னியாவின் பாலைநில ஓட்டக்காரர் சிலர் நாஸ்காரிடம் கேட்டனர். 1994இல் பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரில் பரீட்சார்த்தமாக ஓடிப் பார்த்தபின், 1995ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் திகதி பீனிக்ஸ் ஓடுபாதையில் தொடர் ஆரம்பமாயிற்று. அன்றைய ஓட்டத்தையும் அவ்வாண்டின் வாகைப் பட்டத்தையும் வென்றவர் மைக் ஸ்கின்னர். தொடக்க ஆண்டுகளில் பல ஓடுபாதைகள் சிறியனவாய், வண்டிகளை நிறுத்தி ரயர் மாற்றவும் போதிய இடமற்றனவாய் இருந்தமையால், காற்பந்தாட்டத்தைப் போல நடுவில் இடைவேளை விட்டு ஓட்டத்தை நடத்தினர் என்பது சுவையான செய்தி. தொடரின் இரண்டாம் ஆண்டிலிருந்து அதற்குத் தன் பெயரை வழங்கியது கிராஃப்ட்ஸ்மன். குறடு, திருகாணி முடுக்கி முதலிய கைக்கருவிகளுக்குரிய வணிகப் பெயர் அது. உழைப்பாளியின் வண்டி, உழைப்பாளியின் கருவி, உழைப்பாளியின் ஓட்டம் என்றவாறு எல்லாம் பொருந்தி வருவதுபோலத் தோன்றும்.

உள்ளே நோக்கினாலோ நிலைமை வேறு. பந்தய ட்ரக்கின் எலும்புக்கூடு உருக்குக் குழாய்களால் ஒட்டிக் கட்டப்பட்டது. கதவு திறவாது, சாரதி சாளரத்தினூடாகவே உட்புக வேண்டும். முன்விளக்குகள் விளக்குகளல்ல, தகட்டில் ஒட்டிய படங்கள். பின்பெட்டி மேலே மூடப்பட்டிருக்கும். அதில் ஒரு மண்வெட்டியைக்கூட வைக்க இயலாது. எமது சவாரி வண்டிக்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை! ஆயினும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. ஞாயிறு ஓட்டத்தைக் கண்ட அமெரிக்கன் திங்கட்கிழமை அதே பெயருடைய பிக்கப்பைக் கடையில் வாங்கலாம். ஷெவர்லே, ஃபோர்ட், டொயோட்டா முதலிய நிறுவனங்கள் ஓட்டத்துக்குப் பணம் இறைப்பதற்குக் காரணம் இதுவே. எமது சவாரியைக் கண்டு பார வண்டி வாங்கப் போவோர் யாருமில்லை, விற்போரும் இல்லை.

இனி மார்ட்டின்ஸ்விலுக்கு வருவோம். கிளே ஏர்ள்ஸ் என்பவரால் 1947இல், அதாவது நாஸ்கார் தோன்றுவதற்கு முன்னரே, திறக்கப்பட்ட ஓடுபாதை அது. முதலில் மண்பாதையாக இருந்து 1955இல் தார் இடப்பட்டது. அதன் சுற்று 0.526 மைல், ஏறத்தாழ 847 மீற்றர். இரு நெடிய நேர்பாதைகளும் இரு குறுகிய வளைவுகளும் கொண்டு காகிதக் கவ்வியைப் போலத் தோற்றமளிப்பது. டெய்ட்டோனாவில் வளைவுகள் 31 பாகை சாய்ந்து நிற்பதால் வண்டி வேகம் குறையாமலே திரும்பும். மார்ட்டின்ஸ்விலில் சாய்வு 12 பாகை மட்டுமே. எனவே ஒவ்வொரு வளைவுக்கும் முன் பிரேக்கை அழுத்தி, திரும்பி, மீண்டும் முடுக்க வேண்டும். 2010இன் அவ்வோட்டம் 250 சுற்றுகள் கொண்டது. சாரதி 500 தடவை இடப்புறமாக வளைந்து திரும்ப வேண்டும். எப்போதும் இடப்புறமே. இதனால் வலப்புறச் சில்லுகள் கூடிய தூரம் ஓட நேரிடுகின்றது. அவற்றின் சுற்றளவு இடப்புறத்தவற்றினும் சிறிது கூடுதலாக அமைக்கப்படும். வண்டியின் நிறையிலும் கூடிய பங்கை இடப்புறமே வைப்பர். நடுவில் நிற்கும் மாட்டையும் கரையில் நிற்கும் மாட்டையும் தெரிந்து பிணைத்த வட்டக்கச்சிக் கமக்காரனிடம் இதனை விளக்கினால் அவன் ஒரு நொடியில் விளங்கிக்கொள்வான் என்பது என் எண்ணம்.

அவ்வோட்டத்துக்குக் கார்த்திகேயன் வந்து சேர்ந்த வழி நேரானதன்று. 1977 ஜனவரி 14ஆம் திகதி பிறந்த அவர் மோட்டார் ஓட்டக் குடும்பத்தவர். தந்தையார் தென்னிந்திய ரலி ஓட்டங்களிற் பெயர் பெற்றவர். இந்தியாவில் இளஞ்சாரதிகளுக்கென மலிவான பந்தய வண்டிகளை வடிவமைத்த கரிவர்தன் அவரது உறவினர். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள ஓடுபாதை அவர் பெயரால் வழங்குகின்றது. ரேக்ளா என்னும் மாட்டுவண்டிப் பந்தயமும் நெடுநாள் நிலவிவரும் மண் கொங்குநாடு என்பதையும் ஈண்டு மறத்தலாகாது. 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, போர்மியுலா வண் போட்டியிற் பங்குபற்றிய முதல் இந்தியரானார் கார்த்திகேயன்.

அவ்வாண்டு ஜூன் 19ஆம் திகதி, டனவேயின் வெற்றி பறிக்கப்பட்டு சரியாக 56 ஆண்டுகள் கழித்து (இது தற்செயலே), இண்டியானாபொலிஸில் ஒரு விந்தை நிகழ்ந்தது. போர்மியுலா வண் ஓட்டத்தின் பாதையில் ஒரு பகுதி பழைய நீள்வட்டத்தின் சாய்ந்த வளைவினூடாகச் சென்றது. அச்சாய்வின் அழுத்தத்தை மிஷெலின் ரயர்கள் தாங்கமாட்டா என்பது பயிற்சியின்போது ஏற்பட்ட விபத்தினால் தெரியவந்தது. மிஷெலின் ரயர் பூட்டிய 14 வண்டிகளும் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் ஓட்டத்திலிருந்து விலகிக்கொண்டன. எஞ்சிய 6 வண்டிகள் மட்டும் ஓடின. கார்த்திகேயன் நான்காவதாக வந்து புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். காசு கொடுத்து வந்த சனங்கள் கூக்குரலிட்டனர். நீள்வட்டத்தின் சாய்வு எத்தகைய வல்லமை உடையது என்பதை அவர் அன்றே அறிந்திருப்பார்.

போர்மியுலா வண் வண்டியில் இடம் பெறுவதற்குத் திறமை மட்டும் போதாது. அனுசரணை தரும் நிறுவனத்தின் பணமும் வேண்டும். 2005இன் பின் அவருக்கு அங்கே நிலையான இடம் கிட்டவில்லை. சோதனைச் சாரதியாகவும் வேறு தொடர்களிலும் காலம் கழிந்தது. 2010இல் ட்ரக்கில் ஏறினார். உலகின் மிகச் செலவுமிக்க வண்டியிலிருந்து உழைப்பாளியின் பெயர் தாங்கிய வண்டிக்கு இறங்கினார் எனச் சிலர் கருதலாம். ‘இறங்கினார்’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். ஏறத்தாழ 1500 கிலோகிராம் நிறையுள்ள வண்டியில், இடைவிடாது மோதி உரசும் கூட்டத்தின் நடுவே, நீள்வட்டத்தில் அனுபவமில்லாத ஒருவர் முதல் ஓட்டத்திலேயே 13ஆம் இடத்தைப் பெறுதல் எளிதன்று. அவ்வாண்டு முடிவில் இரசிகர் வாக்களிப்பில் அத்தொடரின் மிக விரும்பப்பட்ட சாரதியாகவும் அவர் தெரிவானார்; அமெரிக்கரல்லாத ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

விரும்பப்பட்ட சாரதி என்ற அச்சொற்றொடரை மார்ட்டின்ஸ்விலுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள டான்வில் நகரில் வைத்துப் படித்தால் அது வேறுவிதமாக ஒலிக்கும். அந்நகரிற் பிறந்தவர் வெண்டல் ஸ்கொட். கறுப்பினத்தவர், இரண்டாம் உலகப் போரில் இராணுவத்திற் பணியாற்றியவர், வாடகைக் கார் ஓட்டியவர், இரவில் சாராயமும் கடத்தியவர். 1952இல் டான்வில் ஓட்டத்தை நடத்தியவர்கள் கூட்டத்தைச் சேர்ப்பதற்கென ஒரு கறுப்பினச் சாரதியைத் தேடி, வேகமாக ஓட்டுபவன் யார் எனப் பொலிஸாரிடமே விசாரித்ததாகவும், துரத்திப் பிடிக்க அரியவர் என அவர்கள் ஸ்கொட்டைக் காட்டியதாகவும் கூறப்படுகின்றது. பழைய வண்டிகளையும் பிறர் கழித்த பாகங்களையும் கொண்டு, தம் புதல்வர்களையே உதவியாளராக வைத்துக்கொண்டு அவர் ஓடினார். 1963 டிசெம்பர் 1ஆம் திகதி புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நாஸ்காரின் தலைமைத் தொடர் ஓட்டத்தில் ஸ்கொட் முதலாவதாக வந்தார். ஆனால் வெற்றிக்கொடி அவருக்குக் காட்டப்படவில்லை. பக் பேக்கர் என்ற வெள்ளையரே வென்றதாக அறிவிக்கப்பட்டுப் பரிசும் அவருக்கே கொடுக்கப்பட்டது. கணக்கேடுகளை மீளப் பார்த்து ஸ்கொட்டே வென்றவர் என ஒப்புக்கொண்டபோது சனங்கள் கலைந்து போயிருந்தனர். 1990இல் அவர் இறந்தார். வெற்றிக் கேடயம் அவரது குடும்பத்தினரின் கைக்கு வந்தது 2021இல்.

டனவேயின் வெற்றி வில்லுக்காகப் பறிக்கப்பட்டது. ஸ்கொட்டின் வெற்றி தோலுக்காக மறைக்கப்பட்டது. இருவரும் ஒரே உழைப்பிலிருந்து வந்தவர்களே. சாராயம் கடத்திய வெள்ளையருள் ஜூனியர் ஜோன்சன் பெருவீரராகப் போற்றப்பட்டார். 1956இல் தந்தையின் வடிசாலையிற் பிடிபட்டுச் சிறை சென்ற அவருக்கு 1986இல் ஜனாதிபதி றீகன் மன்னிப்பளித்தார். 2010இல் நாஸ்கார் புகழ்மண்டபம் திறக்கப்பட்டபோது முதல் ஐவருள் ஒருவராக இடம்பெற்றார். ஸ்கொட்டுக்கு அம்மண்டபத்தில் இடம் கிடைக்க 2015 வரை செல்ல வேண்டியிருந்தது. உழைப்பின் கதையை விளையாட்டு தன் பெருமைக்குப் பயன்படுத்தும்போது எவருடைய உழைப்பை அது தெரிந்தெடுக்கின்றது என்ற வினாவை எழுப்பாமல் இருக்க முடியவில்லை. எமது சமூகத்திலும் எவர் மாட்டைப் பராமரித்தார், எவர் பெயரில் அது ஓடியது, பரிசு எவர் வீட்டுக்குப் போயிற்று என்று சவாரியின் வரலாற்றை எழுத முற்படுபவர் கேட்டாக வேண்டும். முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது.

2013 அக்டோபரில் அதே மார்ட்டின்ஸ்விலில், அதே ட்ரக் தொடரில், டரல் வலஸ் என்ற 20 வயது கறுப்பின இளைஞர் வென்றார். நாஸ்காரின் தேசியத் தொடர் ஒன்றில் கறுப்பினச் சாரதி ஒருவர் வெல்வது 1963க்குப் பின் அதுவே முதல் முறை; ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. மறு ஆண்டு அவ்வோட்டத்துக்கு வலஸ் தமது வழக்கமான 54ஆம் இலக்கத்தை நீக்கி, ஸ்கொட் பயன்படுத்திய 34ஆம் இலக்கத்தை வண்டியில் எழுதுவித்து வந்தார். அன்றும் அவரே வென்றார்.

இந்தியாவிலும் பார ஊர்திகளைப் பந்தயத்துக்குக் கொணர்ந்தனர். 2014இல் தில்லிக்கு அண்மையிலுள்ள புத்த சர்வதேச ஓடுபாதையில் டாட்டா நிறுவனம் லொறி ஓட்டமொன்றைத் தொடக்கியது. அது நீள்வட்டமன்று, பல்வேறு வளைவுகளைக் கொண்ட சுற்றுப்பாதை. ஆரம்பத்தில் வெளிநாட்டுப் பந்தயச் சாரதிகளே ஓட்டினர். 2016இல் பெருந்தெருக்களில் லொறி ஓட்டிப் பிழைத்த இந்தியச் சாரதிகளைத் தெரிந்து, பயிற்சி கொடுத்து, அவர்களையும் ஓடவிட்டனர். உழைத்தவனே பந்தயத்திலும் அமர்ந்த அரிதான சந்தர்ப்பம் அது. நாஸ்காரின் ட்ரக் தொடரில் வாழ்நாளெல்லாம் பிக்கப்பில் சீமெந்து ஏற்றிய மேசனுக்கு இடமில்லை. அவன் இருக்கையில் அமர்ந்து பார்க்கலாம்.

மாட்டுக்கு வருவோம். இந்திய உச்ச நீதிமன்றம் 2014 மே மாதத்தில் ஏறுதழுவுதலோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே மாதத்தில் அத்திருத்தம் செல்லுமென நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலங்கின் வேதனை பற்றிய அவ்வழக்கு எமக்கும் பொருத்தமுடையதே. துவரங்கம்பின் நுனியில் ஆணி பொருத்தி மாட்டைக் குத்தி ஓட்டும் கொடுமையை மரபு என்ற பெயரால் நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. இயந்திரத்துக்கு நோவு இல்லை, மாட்டுக்கு உண்டு. வண்டிகளை ஒப்பிடும்போது இதனை விட்டுவிட்டால் ஒப்பீடு பொய்யாகிவிடும்.

கார்த்திகேயன் மார்ட்டின்ஸ்விலில் ஓடிய 2010 மார்ச்சில் எனக்கு வயது ஆறு. எமது ஊரவர் பலர் அப்போதும் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தனர். சிலர் மீளத் திரும்பத் தொடங்கியிருந்தனர். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது வன்னி மக்கள் கூரைத்தகடு, நெல்மூட்டை, பாய், பானை, முதியோர், குழந்தைகள் யாவரையும் யாவற்றையும் ஏற்றிச் சென்றது உழவு இயந்திரப் பெட்டிகளிலும் லாண்ட்மாஸ்ரர்களிலும் மாட்டு வண்டிகளிலுமே. எங்கள் குடும்பத்தை ஏற்றிய வண்டி பார வண்டி. பாதி வழியில் மாடுகளை அவிழ்த்துவிட்டே நடந்தோம் என்று அம்மம்மா கூறுவார். எந்த இடத்தில் அவிழ்த்துவிட்டோம் என்பதை மட்டும் அவர் ஒவ்வொரு முறையும் வேறாகக் கூறுவார்.

திரும்பி வந்தபோது ஊரில் மாடு அரிது. கட்டாக்காலியாக அலைந்தவற்றுள் குறிசுட்ட அடையாளம் கொண்டு தம்முடையவற்றைத் தேடியவர்களும் உண்டு. உழவுக்கு மாடு இனித் தேவையில்லை என்றாகிவிட்டது. வயலில் உழவு இயந்திரம், அறுவடைக்கு அறுவடை இயந்திரம். ஆயினும் சில ஆண்டுகளில் சவாரி மாடுகள் மீண்டும் வந்தன. வேலைக்கு மாடு இல்லாத ஊரில் ஓட்டத்துக்கு மாடு வளர்க்கின்றனர். அதற்கான தீவனச் செலவை எந்த நிறுவனமும் பொறுப்பதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் பகலில் பிறருடைய உழவு இயந்திரத்தைக் கூலிக்கு ஓட்டுகின்றார்; மாலையில் தம் சோடியை வாய்க்காலுக்குக் கொண்டு சென்று குளிப்பாட்டுகின்றார். அவரிடம் பார வண்டி இல்லை. சவாரி வண்டி ஒன்று மட்டும் மாட்டுக்கொட்டிலின் ஓரத்தில், சில்லுகள் கழற்றப்பட்டு, சாக்கினால் மூடப்பட்டு, அடுத்த சவாரிக்காக வைக்கப்பட்டிருக்கின்றது.